படி என்றால் எத்தனை படி?

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. "படி – இரண்டு பொருள் எழுதுக" என்று ஒரு கேள்வி. இரண்டு மார்க். ஒரு பையன் இப்படிப் பதில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "1. பாட்டி அரிசி அளப்பது. 2. அப்பாவுக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது." டீச்சர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் "படித்தல், படிக்கட்டு" என்று இருக்கிறது. சிவப்பு மையில் இரண்டு பெருக்கல் குறி விழுகிறது.

தப்பு யார் பேரில்? பாட்டி அரிசி அளப்பதும் படிதான். அப்பாவுக்கு வரும் பஞ்சப்படியும் படிதான். விடைக்குறிப்பு எழுதியவருக்குத் தோன்றாத இரண்டு பொருளைப் பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். ஆனால் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்ததும் அவன் புரிந்துகொள்வது வேறு. வீட்டில் கேட்ட தமிழ் பள்ளிக்கூடத்தில் செல்லாது, புத்தகத்தில் இருக்கிற இரண்டு பொருள் மட்டும்தான் செல்லும் என்று. அடுத்த பரீட்சைக்குப் பாட்டியின் படியை அவன் யோசிக்கவே மாட்டான். கைடைப் புரட்டி மனப்பாடம் பண்ணுவான், இரண்டு மார்க்கும் வாங்கிவிடுவான்.

தொடக்கப் பள்ளிகளில் இந்தப் பாடம் இரண்டு பெயரில் வருகிறது. ஒன்று, ஒரே சொல்லுக்குப் பல பொருள்: ஆறு, மாலை, திங்கள், கல், படி. இன்னொன்று, "ஒலி வேறுபாடு அறிந்து பொருள் எழுதுக" என்ற தலைப்பில் வரும் மயங்கொலிச் சொற்கள்: அரை–அறை, பனி–பணி, ஒலி–ஒளி–ஒழி. இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்த பயிற்சியாக வரும். இரண்டையும் நடத்துகிற விதமும் ஒன்றுதான். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் பொருள், ஐந்து தடவை எழுதிக்கொண்டு வா. அவ்வளவுதான் பாடம்.

இவை இரண்டும் ஒரே சங்கதி இல்லை. முதலாவது, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தது. இரண்டாவது, பிள்ளையின் காதில் விழாதது. தெரிந்ததைத் தெரியாதது மாதிரி சொல்லிக்கொடுப்பதும், காதில் விழாததை விழுந்தது மாதிரி நடத்துவதும்தான் இந்தப் பாடத்தின் கோளாறு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். எந்த வகுப்பிலும் ஒரு மணி இருப்பான். மணிகண்டனோ சுப்பிரமணியோ, கூப்பிடுவது மணி. "மணி, மணி என்னடா?" என்று கேட்டால் அவன் திருதிருவென்று முழிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறான். "மணி, போய் மணி அடிச்சிட்டு வா" என்றால் ஓடிப்போய் அடித்துவிட்டு வருகிறான். ஒரே சொல் ஆளாகவும் நேரமாகவும் வெண்கலமாகவும் மாறுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. பள்ளிக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்த படிப்பு இது. அதே பையனிடம் "மணி என்பதன் மூன்று பொருள் கூறு" என்று கேட்டுப் பாருங்கள், எழுந்து நின்று மோட்டைப் பார்ப்பான்.

அடி என்ற சொல்லை எடுத்தால் அது கடல். பேட்டை வைத்து சிக்ஸர் அடிக்கிறார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெயில் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது. டீ மாஸ்டர் டீயை அடிக்கிறார். பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், மாட்டிக்கொண்டால் வாத்தியாரும் அடிப்பார் (2009ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கூடாது என்கிறது, இருந்தாலும்...). இது போக அளக்கிற அடி, பாத்திரத்தில் பிடிக்கிற அடி, பாட்டின் அடி. இதில் எது ஒரே சொல்லின் கிளை, எது தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கிற வேறு சொல் என்று பிரிப்பது மொழியியல்காரர்களின் வேலை. நூல் என்றால் இழை, புத்தகம். இது ஒப்புமையால் விரிந்த பொருள் என்று நன்னூலிலேயே காரணம் கிடைக்கும். ஆறு என்கிற எண்ணுக்கும் நதிக்கும் அப்படி ஒரு உறவைக் காட்டுவது கஷ்டம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாகுபாடு வேண்டவே வேண்டாம். அடியில் எத்தனை அடி என்று வகுப்பையே சேர்த்துக்கொண்டு எண்ணினால் போதும். கரும்பலகை நிறைந்துவிடும், பின் பெஞ்சுதான் அதிகம் கொடுக்கும்.

பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றால் ஆசிரியருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எதை வைத்து இந்தப் பொருள் என்று கண்டுபிடித்தாய் என்று கேட்பதுதான் அந்த வேலை. இதற்கு வெளிநாட்டுக் கல்வி முறையைத் தேடிப் போக வேண்டாம், தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர். கூட வருகிற வினையால் பொருள் தெளிவாகிற சொல் ஒரு வகை, தெளிவாகாத சொல் இன்னொரு வகை. முதல் வகையில் பொருளைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் மா என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். பூத்தது என்றால் மரம், விலங்கு பூக்காது.

இதை அப்படியே மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் வைக்கலாம். "பால் ஆறுது" என்றால் நதியும் இல்லை, எண்ணும் இல்லை, வினை காட்டிக்கொடுத்துவிட்டது. "ஆறும் ஏழும்" என்றால் எண், "ஆறும் குளமும்" என்றால் நதி, இங்கே காட்டிக்கொடுத்தது பக்கத்தில் நிற்கும் இனம். திருச்சியில் காவிரிப் பாலத்து மேலே பஸ் போகும்போது ஜன்னலோரப் பிள்ளை "ஆறு!" என்று கத்தினால் அது என்ன ஆறு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை, அது சார்பு. இனி இரண்டாவது வகை: "மாலை வந்தது." வந்தது சாயங்காலமா, பூக்காரர் கொடுத்தனுப்பியதா? வினை இரண்டுக்கும் பொருந்துகிறது. இப்படி மாட்டிக்கொள்ளும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடு என்கிறார் தொல்காப்பியர். "பூமாலை வந்தது" என்று ஒரு பிள்ளை திருத்தினால், இலக்கணம் என்ற சொல்லைக் கேட்காமலே இலக்கணம் படித்துவிட்டது என்று அர்த்தம். தான் சொல்வது எதிராளிக்கு இரண்டு விதமாகப் புரியக்கூடும் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை யோசித்திருக்கிறது. சில பெரியவர்களுக்கே அது கைவருவதில்லை.

வகுப்பில் சிரிப்பு வரும் இடமும் இதுதான். கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளிடம் "பாலைப் போடு" என்றால் பந்து, கடையில் "பால் போடலையா?" என்றால் பாக்கெட். கழுத்தில் கட்டுவதும் டை, தாத்தா தலையில் பூசுவதும் டை. இதெல்லாம் ஆங்கிலம், தமிழில் சேர்க்கக் கூடாது என்று யாராவது கிளம்புவார்கள். தனித்தமிழ் ஆர்வம் நல்லதுதான், ஆனால் பிள்ளை காதில் விழுகிற மொழியிலிருந்து ஆரம்பித்தால்தான் அது புத்தகத்து மொழிக்கு வந்து சேரும். ஆங்கிலத்தில் இந்த ஒரு வேடிக்கையை நம்பியே சிறுவர் புத்தக வரிசை ஓடியிருக்கிறது. பெக்கி பாரிஷ் 1963ல் எழுதிய 'அமீலியா பெடிலியா'வில் வரும் வேலைக்காரப் பெண்ணிடம் ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லிச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். 'இழு' என்பதற்கு அங்கே போட்டிருந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'படம் வரை' என்றும் பொருள் உண்டு. அவள் உட்கார்ந்து திரையைப் படமாக வரைந்து வைக்கிறாள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை கட்டிய காளமேகம் பிறந்த மொழியில், எட்டு வயதுக்காரர்களுக்கு அப்படி ஒரு புத்தக வரிசை இந்நேரம் கடைகளில் குவிந்திருக்க வேண்டாமா?

மனப்பாடம் ஒன்றும் புதிதில்லையே, அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியிலும் நிகண்டு உருப்போட்டார்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுக்கவே ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதுதான். அதைத் தனியாகப் 'பதினோராம் நிகண்டு' என்றே அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ஆனால் அது செய்யுள், எதுகைப்படி அடுக்கியது, வாயில் தானாக வந்து நிற்கும்படி செய்தது. அதை உருப்போட்டதும் பழைய இலக்கியம் படிப்பதற்காக. பாட்டில் வேலை என்று வந்தால் கடலாகவும் இருக்கலாம் என்று தெரியாமல் போனால் பாட்டே புரியாது. அந்தச் சரக்கு வேறு, அதன் தேவை வேறு. ஆறு என்றால் நதி என்று ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளையை ஐந்து தடவை எழுத வைப்பதற்கு நிகண்டைச் சாட்சிக்கு இழுப்பது சரியில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்கனவே தெரிந்தது என்ற பேச்சு, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு ஆறு என்றால் எண்தான், இரண்டு மொழியிலும் அந்த எண் அதேதான். நதி என்ற பொருள் புதிது. சென்னையில் வேலை பார்க்க வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டுமே புதிது. அவர்களுக்குப் பொருளைக் கையால் காட்டி, படம் போட்டு, ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரே வகுப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தால் தெரிந்த பிள்ளையே தெரியாத பிள்ளைக்கு நடித்துக் காட்டட்டும்.

இனி இரண்டாவது சங்கதி, மயங்கொலி. இங்கேதான் பிள்ளைகள் நிஜமாகவே அழுகிறார்கள்.

"நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதாத பிள்ளை கிடையாது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள், "பல்லிக்குப் போனியா, சுவத்துல ஏறியா?" என்று கிண்டல் வேறு. பிள்ளை தான் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. அதன் காதில் பள்ளிக்கும் பல்லிக்கும் பெரிய வித்தியாசம் விழவில்லை, அதைச் சொல்பவரின் வாயிலும் பல சமயம் அந்த வித்தியாசம் இருப்பதில்லை. மதுரையிலும் நெல்லையிலும் பழம் பளமாகிறது. வடமாவட்டங்களின் பழைய பேச்சில் அதுவே பயம். யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் கேட்கும். ஆனால் அங்கே காற்று என்ற சொல்லில் ற்ற தனி ஒலியாகக் கேட்கும், இங்கே பேச்சில் அது காத்து. ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்பவர்கள் கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் உண்டு, மற்ற இடங்களில் கறியும் கரியும் ஒன்றுதான். ந, ன இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுபவரை இன்று விரல் விட்டு எண்ணலாம். இந்த நிலைமையில் "ஒலி வேறுபாடு அறிந்து" என்று கேள்வியை ஆரம்பித்தால் பிள்ளை எங்கே போய் அறியும்?

ஆகவே இது காதுப் பாடம் இல்லை, கண்ணுக்கான பாடம். ழகரம் வராத பிள்ளையை எழுந்து நிற்க வைத்து "ழ... ழ..." என்று பத்துத் தடவை சொல்ல வைப்பது எழுத்துப் பிழையைக் குறைக்காது. அதன் ஊர்ப் பேச்சைப் பற்றி அதற்கே கூச்சம் வரும், அவ்வளவுதான். அந்தக் கூச்சம் பிடித்த பிள்ளை கட்டுரை எழுதும்போது சந்தேகமான எழுத்து வரும் சொல்லையே தவிர்த்துவிடும். வாழைப்பழம் பிடிக்கும் என்று எழுத வந்து, ஆரஞ்சு பிடிக்கும் என்று முடிக்கும்! நோட்டில் பிழை இருக்காது, ஆசிரியரும் நன்று என்று போட்டுவிடுவார்.

மயங்கொலிப் பட்டியல்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வலி–வளி–வழி. வலியும் வழியும் பிள்ளைக்குத் தெரியும். வளி? அலை–அளை–அழை. அளை என்றால் புற்று என்று எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? மரம்–மறம், விழி–விளி, அரன்–அரண் எல்லாம் இந்தக் கதைதான். பெரியவர்கள் அகராதியைப் பார்த்து ஜோடி சேர்த்தவை, பிள்ளைகள் வாயில் இருப்பவை இல்லை. மரம் என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மறத்தை அறிமுகப்படுத்திய மறுநாள் "மறத்தில் கிளி உட்கார்ந்திருந்தது" என்று நோட்டில் வரும். இல்லாத குழப்பத்தை உண்டாக்கியதுதான் மிச்சம்.

ஜோடியாகச் சேர்த்து நடத்துவதே தப்பு என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு புதுச் சொல்லை ஒரே நாளில், ஒரே பலகையில், பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மனதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எது எதற்கு என்பது மட்டும் நிற்காது. இரட்டைப் பிள்ளைகளை ஒரே சட்டை போட்டு ஒன்றாக அறிமுகம் செய்த மாதிரி. அதற்குப் பதிலாக இந்த வாரம் கறி. கறிக்குழம்பு, கறிவேப்பிலை, காய்கறி என்று அதன் குடும்பத்தோடு வரட்டும். பிள்ளை நாலு இடத்தில் படித்து, நாலு இடத்தில் எழுதி, கை பழகட்டும். ஒரு மாதம் கழித்துக் கரி வரலாம், அடுப்புக்கரி, கரித்துண்டு, கரிப்பிடித்த பாத்திரத்தோடு. இரண்டும் தனித்தனியாகக் காலூன்றிய பிறகு ஒருநாள் எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்க்கலாம். வெல்லமும் வெள்ளமும் இதற்குத் தோதான சொற்கள். ஒன்று பொங்கல் பானையிலிருந்து தெரியும், இன்னொன்று 2015லும் 2023லும் சென்னையில் வீட்டுக்குள்ளேயே வந்தது.

தமிழ் எழுத்து முறைக்குள்ளேயே உதவி இருக்கிறது, அதை ஏனோ பட்டியலுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறார்கள். ண, ன, ள, ழ, ற ஐந்தும் சொல்லின் முதலில் வராது. ஆகவே நாய், நிலா, நூறு என்று ஆரம்பிக்கும் இடத்தில் எந்த ன என்ற சந்தேகமே எழ வேண்டாம். டகரத்துக்கு முன்னால் ண் (வண்டி), தகரத்துக்கு முன்னால் ந் (பந்து), றகரத்துக்கு முன்னால் ன் (கன்று). ரகரமும் ழகரமும் இரட்டிக்காது. அதனால் பள்ளி என்று எழுதும்போது ழ போட்டியிலேயே இல்லை, ல்லியா ள்ளியா என்பது மட்டும்தான் கேள்வி. வெற்றியில் இரண்டு ர வராது, ற்றதான். முந்நூறு என்ற சொல்லில் நடுவில் ந எப்படி வந்தது என்று கேட்டால், உள்ளே நூறு ஒளிந்திருக்கிறது பார் என்று காட்டலாம். செந்நாயில் நாய் இருப்பது போல. பெரியவர்களே முன்னூறு என்று எழுதித் திரிகிற நாட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை அதைச் சரியாக எழுதிவிட்டு ஏன் என்றும் சொன்னால் வீட்டில் எல்லாரும் வாய் பிளப்பார்கள். இந்த விதிகளைக்கூட முதலில் ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. பாடப் புத்தகத்தை விரித்து "ன வில் ஆரம்பிக்கிற சொல் ஒன்று கண்டுபிடி, மிட்டாய் தருகிறேன்" என்றால் போதும். மிட்டாய் செலவு ஆகாது :)

ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஒரு கேள்வி வரும். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள், நடுவில் பதிவேடு, பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் முறைக்குக் கட்டுக்கட்டாக அட்டைகள் வேண்டியிருந்தன. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் கையேடு, பயிற்சி நூல் என்று தனிச் சரக்கு உண்டு. மணியையும் அடியையும் வைத்து விளையாட அட்டை எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் நடத்திவிடலாம். நேரம் பிடிக்கிற வேலை வேறு ஒன்று இருக்கிறது, விடைத்தாள் திருத்துவது. விடைக்குறிப்பில் இல்லாத பதில் வந்தால் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும். நாற்பது தாள் என்றால் அந்த ஒரு நொடியும் கனம்தான்.

அந்தப் பையனின் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கேள்விக்கு ஒரு சிறுமி, "1. மாடிப்படி. 2. அம்மா சொன்னபடி கேள்" என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவது பதிலில் பொருள் சொல்லவில்லை, வாக்கியம்தான் எழுதியிருக்கிறாள். கேட்டது பொருள். ஆனால் அந்தப் படி மாடிப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, விடைக்குறிப்பு எழுதியவருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. டீச்சர் கையில் சிவப்புப் பேனா திறந்திருக்கிறது. எத்தனை மார்க் போடுவார்கள், நீங்களாக இருந்தால் எத்தனை போடுவீர்கள்?